ஷாஜகானாபாத்தில் ஓர் ஊர்காண் பகல்

சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் 'ஊர்காண் காதை' என்றொரு பகுதி உண்டு என்பதைத் தமிழன்பர்கள் அறிவர். கண்ணகியைக் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் புறஞ்சேரியில் இருத்திவிட்டு, கோவலன் தனியொருவனாக மதுரைக்குள் புகுகிறான். மணிகள் விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, அறுவை வீதி, கூல வீதி என ஒவ்வொன்றாய் நடந்து கண்டு மீள்கிறான். புதிதாக ஓர் ஊருக்கு வந்தவன் அவ்வூரை முதலில் கால்களாலேயே அறிய வேண்டும் என்பதை இளங்கோவடிகள் அக்காதையில் சொல்லாமற் சொல்லியிருக்கிறார்.

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் பலருக்கு இந்நகருடன் உள்ள உறவு எத்தகையது? காலையில் அலுவலகம், மாலையில் வீடு, வார இறுதியில் கோயிலும் சங்கமும். ஊரிலிருந்து உறவினர் வந்தால் குதுப் மினாரும் தாமரைக் கோயிலும், மறுநாள் பேருந்தில் ஆக்ராவும் காட்டி அனுப்பிவிடுகிறோம். பழைய தில்லிக்குச் செல்வது திருமணச் சாமான்கள் வாங்கவோ, பிள்ளைகளின் பாடநூல்கள் தேடவோ மட்டுமே. மூட்டையைக் கையில் எடுத்ததும் திரும்பும் வழியையே கண் தேடுகிறது.

ஆகவே, மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வாங்க வேண்டிய பொருள் ஏதும் இன்றி, துணைக்கும் எவரையும் அழைக்காமல், காலை முதல் விளக்கேற்றும் நேரம் வரை பழைய நகரைச் சுற்றி நடந்தோம். ஷாஜகான் எழுப்பிய மதில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் சுற்றளவே கொண்டது. காலுரமுள்ள எவரும் ஒரு பகலில் சுற்றிவிடலாம். நடையிற் கண்டவற்றையும், அவற்றின் பின்னுள்ள வரலாற்றையும், அவ்வரலாறு குடிபெயர்ந்து வாழும் நம்போன்றோர்க்குச் சொல்லும் செய்தியையும் இங்கே எழுத முற்படுகிறோம்.

கோட்டை வாயில்

மெட்ரோ ரயிலின் செங்கோட்டை நிலையத்திலிருந்து மேலேறினால் செம்மணற்கல் மதில் எதிரே நிற்கிறது. ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்றக் கருதிய ஷாஜகான் 1639-இல் இக்கோட்டைக்கு அடிக்கல் நாட்டச் செய்து, 1648-இல் இதனுள் குடிபுகுந்தார். பேரரசர் பிறந்த ஊர் லாகூர். கோட்டையை வகுத்த தலைமைச் சிற்பியருள் ஒருவரான உஸ்தாத் அகமதின் பெயரோடு 'லாஹோரி' என்றே அவர் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யமுனையின் நீரைக் கால்வாய் வழியே நகருக்குக் கொணரும் பணியோடு இணைத்துப் பேசப்படும் அலி மர்தான் கான், காந்தகார்க் கோட்டையைக் கையளித்துவிட்டு இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த பாரசீகப் பிரபு. நகரை நினைத்தவர், வரைந்தவர், அதற்கு நீர் வார்த்தவர் ஆகிய மூவருமே வெளியூரார் என்பதை வாயிலிலேயே மனத்தில் குறித்துக்கொண்டோம்.

உள்ளே திவானே காஸ் மண்டபத்தின் வெண்பளிங்குத் தூண்களினிடையே நின்றோம். இங்கிருந்த மயிலாசனத்தை 1739-இல் நாதிர் ஷா கொண்டுசென்றான். கூரையின் உட்புறத்தை மூடியிருந்த வெள்ளித் தகட்டை 1760-இல் மராட்டியப் படைத்தலைவர் சதாசிவராவ் பாவு பெயர்த்தெடுத்துப் படையின் செலவுக்காக உருக்கினார். 1857-க்குப் பின் ஆங்கிலேயர் அரண்மனைக் கட்டடங்களின் பெரும்பகுதியை இடித்து, அந்நிலத்தில் படைவீடுகள் கட்டினர். இன்று நாம் காணும் மண்டபங்கள் எஞ்சியவை. இடையிலுள்ள புல்வெளிகள் பல, இல்லாமற் போன மாளிகைகளின் இடங்கள்.

இக்கோட்டையில் தமிழர் நினைவுகூர வேண்டிய நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 1945 நவம்பரில் இந்திய தேசிய இராணுவத்தின் தளபதிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லோன் ஆகிய மூவர்மீதும் இங்கேதான் இராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கிற்று. அப்படையிலும் அதன் ஜான்சி ராணிப் பிரிவிலும் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் மிகப் பலர். பிழைப்புக்காகக் கடல்கடந்த அந்தத் தொழிலாளர்கள் 'தில்லி சலோ' என்று முழங்கியபோது அவர்களுள் பெரும்பாலோர் தில்லியைக் கண்டதே இல்லை. அவர்கள் கண்ணாற் காணாத இக்கோட்டையின் முன்பாக நாமோ நினைத்தபோது வந்து நிற்கும் வாய்ப்புப் பெற்றிருக்கிறோம்.

நிலவுச் சதுக்கம்

கோட்டையின் லாகூர் வாயிலிலிருந்து நேர் மேற்கே ஓடும் பெருவீதிதான் சாந்தினி சௌக். ஷாஜகானின் மகள் ஜகானாரா 1650-ஆம் ஆண்டையொட்டி இக்கடைவீதியை அமைத்தார். வீதியின் நடுவே கால்வாய் ஓடிற்று. அதன் இடையில் எண்கோண வடிவான குளம் இருந்தது. குளத்து நீரில் நிலவொளி விழுந்ததால் அச்சதுக்கத்துக்கு ஏற்பட்ட பெயரே நாளடைவில் வீதி முழுமைக்கும் ஆயிற்று என்பர். இன்று கால்வாயும் இல்லை, குளமும் இல்லை. 2021-இல் செங்கல் நிறத் தளம் பாவி, பகற்பொழுதில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதித்து, வீதியை நடப்போர்க்காகத் திருத்தி அமைத்தனர்.

வீதியின் தொடக்கத்தில் சமணர்களின் சிவந்த கோயிலும், அதனுள் நோயுற்ற பறவைகளுக்கான மருத்துவமனையும் இருக்கின்றன. அடுத்து, மராட்டியப் படையைச் சேர்ந்த அப்பா கங்காதர் 1761-இல் எழுப்பிய கௌரிசங்கர் கோயில். சிறிது தூரத்தில் கிறித்தவரின் பாப்டிஸ்ட் ஆலயம். அதன்பின் சீஸ்கஞ்ச் குருத்துவாரா. ஒன்பதாம் குரு தேக் பகதூர் 1675-இல் ஔரங்கசீப்பின் ஆணையால் தலை துணிக்கப்பட்ட இடம் இது. குருவின் திருமுடியை அன்பர் ஒருவர் ஆனந்தபூருக்குக் கொண்டுசேர்த்தார். உடலை மறைத்து எடுத்துச் சென்ற லக்கி ஷா என்னும் வணிகர், தம் வீட்டுக்கே தீயிட்டு அத்தீயில் ஈமக்கடன் முடித்தார். அவ்வீடு இருந்த இடத்தில்தான் நாடாளுமன்றத்தின் அருகே ரகாப்கஞ்ச் குருத்துவாரா நிற்கிறது. நடுவண் அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நம்மவர் நாள்தோறும் பேருந்திலிருந்து காணும் அவ்வெள்ளைக் கட்டடத்தின் கதை இவ்வீதியில் தொடங்குகிறது.

குருத்துவாராவை ஒட்டினாற்போல் சுனேரி மசூதி. ரோஷனுத் தௌலா என்ற பிரபு 1721-இல் கட்டியது. பொன்முலாம் பூசிய குவிமாடங்களால் பெற்ற பெயர். 1739 மார்ச்சு மாதத்தில், தன் வீரர்களைத் தில்லி மக்கள் தாக்கினர் என்று சினந்த நாதிர் ஷா, இம்மசூதியில் அமர்ந்தவாறே நகரத்தாரைக் கொன்றொழிக்க ஆணையிட்டான். காலையில் தொடங்கிய கொலை பிற்பகல் வரை நின்றபாடில்லை. மாண்டோர் இருபதாயிரத்துக்கும் மேல் என்று கணக்கிடுவர். நாம் சென்ற வேளையில் மசூதியின் கீழே கடைகளில் வியாபாரம் மும்முரமாய் நடந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்ப்பார் எவருமில்லை. குறைகூறுவதற்கில்லை; அன்றாடம் அவ்வழியே செல்வோர் நின்று நினைக்கத் தொடங்கினால் வாழ்வது எங்ஙனம்?

ஜகானாரா கட்டிய சத்திரம் இருந்த இடத்தில் 1860-களில் ஆங்கிலேயர் நகர மண்டபத்தை எழுப்பினர். 1912 டிசம்பர் 23-இல் புதிய தலைநகருக்குள் யானைமீது பவனி வந்த வைசிராய் ஹார்டிஞ்ச் மீது வெடிகுண்டு வீசப்பட்டதும் இவ்வீதியில்தான். வீதியின் மேற்குக் கோடியில், ஷாஜகானின் துணைவியருள் ஒருவரான ஃபதேபுரி பேகம் 1650-இல் கட்டிய மசூதி. 1857-க்குப் பின் அரசு இம்மசூதியை ஏலத்தில் விற்றது. சுன்னாமல் என்ற இந்து வணிகர் வாங்கினார். 1877-இல்தான் அது மீண்டும் முஸ்லிம்கள் கைக்கு வந்தது.

மசூதிக்கு அப்பால் காரீ பாவ்லி. மிளகாய் நெடி தும்மலை வரவழைக்க, சுமை தூக்குவோரின் அதட்டல் நம்மை ஓரத்துக்குத் தள்ள, கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். மிளகு, ஏலம், சுக்கு, மஞ்சள், புளி எனத் தென்னாட்டுப் பொருள்கள் சாக்குகளில் நிறைந்திருந்தன. ஒரு கடையில் ஏலக்காயைக் கையிலெடுத்து முகர்ந்த நம்மைப் பார்த்து, முதிய வணிகர் இந்தியில், "மதராஸிதானே ஐயா? உங்கள் ஊர்ச் சரக்கு" என்றார். "எங்கள் மக்கள் இந்த ஊர்ச் சரக்கு" என்றோம். அவர் சிரித்துவிட்டு, 1947-இல் தம் தந்தையார் முல்தானிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்ததைச் சொன்னார். "நான் இங்கேயே பிறந்தேன். ஆனாலும் நான் பள்ளிக்குச் சென்ற காலத்தில் எங்கள் கடைக்கு அகதி கடை என்றே பெயர். என் பேரனிடம் முல்தான் என்றால் அது எந்த மெட்ரோ நிலையம் என்று கேட்பான்" என்றார்.

அச்சொல் அன்று முழுவதும் நம்முடனே நடந்து வந்தது.

நானூற்று நாற்பத்தெட்டு கஜம்

பல்லிமாரான் தெருவில் திரும்பி, காசிம் ஜான் சந்தினுள் கவிஞர் காலிப் கடைசி ஆண்டுகளில் வாழ்ந்த வீட்டின் எஞ்சிய பகுதியை அடைந்தோம். 2000-ஆம் ஆண்டில் அரசு அதனை நினைவிடமாக்கியது. தில்லியின் கவிஞர் என்று உலகமே போற்றும் காலிப் பிறந்த ஊர் தில்லியன்று, ஆக்ரா. இளமையில் திருமணத்தின் வழியாக இந்நகருக்கு வந்து, சொந்த வீடென்று ஒன்றில்லாமல் வாடகை வீடுகளிலேயே வாழ்ந்து 1869-இல் மறைந்தார். வாடகை வீட்டுக்காரரான நமக்கு அச்சிறு முற்றத்தில் ஓர் உறவு தோன்றியது.

காலிப் வாழ்ந்த காலத்தில்தான் தில்லி முழுதும் காலியாயிற்று. 1857 மே 11-இல் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் பகதூர் ஷாவைத் தலைவராக்கினர். செப்டம்பர் 14-இல் ஆங்கிலப் படை காஷ்மீர் வாயிலைத் தகர்த்து உட்புகுந்து, ஒரு வாரத்துக்குள் நகரைக் கைப்பற்றியது. அதன்பின் நிகழ்ந்ததே கொடிது. கொலைக்குத் தப்பிய மக்கள் அனைவரும் மதிலுக்கு வெளியே துரத்தப்பட்டு, மழையிலும் குளிரிலும் கல்லறைகளிலும் பாழிடங்களிலும் கிடந்தனர். இந்துக்கள் சில மாதங்களில் திரும்ப இசைவு பெற்றனர். முஸ்லிம்கள் அதனினும் நெடுநாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. காலிப்பின் தெருவில் பாட்டியாலா அரசரின் மருத்துவர்கள் வாழ்ந்தமையால், அவ்வரசர் அனுப்பிய காவலர் அத்தெருவைக் காத்தனர். அதனால் கவிஞர் வெளியேறாமல் தங்கினார். ஆனால் மனநலம் குன்றியிருந்த தம்பி யூசுஃப் அந்நாள்களில் இறந்தபோது அடக்கம் செய்ய ஆள் தேடுவதே அரிதாயிற்று.

கோப்புகளோடு பழகிய நம் போன்றோர்க்கு இவ்வரலாற்றில் ஒரு செய்தி உறுத்தலாகப் படுகிறது. வெறி அடங்கிய பின்னும் அழிவு நிற்கவில்லை. அது மேசைக்கு மாறிற்று. மக்கள் ஊருக்குள் நுழைய அனுமதிச் சீட்டு ஏற்பட்டது. வீடுகளைப் பறிமுதல் செய்யப் பட்டியல்கள் எழுதப்பட்டன. பீரங்கியின் குறிக்கு மறைப்பு இருத்தலாகாது என்று, கோட்டையைச் சுற்றிலும் 448 கஜம் தொலைவுக்குள் இருந்த கட்டடங்களை அகற்றத் திட்டமிட்டனர். 450 என்று முழுமையாக்கவும் இல்லை, அளந்து 448. அந்த எண்ணை யாரோ ஓர் எழுத்தர் தூய கையெழுத்தில் பிரதி எடுத்திருப்பார். மாளிகைகளும் கடைவீதிகளும் அழகிய அக்பராபாதி மசூதியும் அவ்வெண்ணுக்குள் அகப்பட்டு மறைந்தன.

எழுத்து அழிப்பது மட்டுமன்று, காப்பதும் உண்டு. 1857-இன் அந்த நான்கு மாதங்களில் நகர மக்கள் காவல் அதிகாரிகளுக்கும் அரசவைக்கும் எழுதிய விண்ணப்பங்கள் பாரசீகத்திலும் உருதுவிலும் பல்லாயிரம் தாள்களாகப் புது தில்லியில், ஜன்பத் சாலையிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கடையைச் சூறையாடினர் என்று முறையிட்ட வணிகர், கூலி கிடைக்கவில்லை என்று எழுதிக்கொடுத்த தொழிலாளர் எனச் சிறியோரின் குரல்கள் அவற்றுள் உறைந்துள்ளன. பேரரசரின் மயிலாசனம் போயிற்று. சாதாரணக் குடிமகனின் மனு எஞ்சியிருக்கிறது.

வாயிலுக்கு அப்பாலும் இப்பாலும்

ஹௌஸ் காஜி சந்திப்பிலிருந்து சீதாராம் கடைவீதி வழியே தெற்கே நடந்தோம். காஷ்மீரப் பண்டிதர் குடும்பங்கள் குடியேறி வாழ்ந்த பகுதி இது. ஜவாகர்லால் நேருவுக்கும் கமலாவுக்கும் 1916-இல் திருமணம் தில்லியில் நிகழ்ந்தது; கமலாவின் குடும்பத்தார் இவ்வீதியினர். நேருவின் முன்னோரும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஷ்மீரிலிருந்து வந்து கால்வாய்க் கரையில் குடியமர்ந்தவர். 'நஹர்' என்னும் கால்வாய்ப் பெயரே நேரு என்றாயிற்று. நேருவின் பாட்டனார் கங்காதர் தில்லியில் காவல் அதிகாரியாக இருந்தார். 1857-இல் குடும்பத்தோடு ஆக்ராவுக்குத் தப்பிச் சென்றார். துரத்தப்பட்ட அக்குடும்பத்தின் பேரன் தொண்ணூறு ஆண்டுகளின் பின் அதே செங்கோட்டையில் நாட்டுக் கொடியை ஏற்றினார்.

துருக்மான் வாயிலை ஒட்டிய சந்துகளில், ஷாஜகானுக்கு முந்திய 1387-ஆம் ஆண்டைச் சேர்ந்த கலான் மசூதி நிற்கிறது. அருகே, 1240-இல் கொல்லப்பட்ட அரசி ரசியாவுடையது எனப்படும் எளிய கல்லறை. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், இப்பகுதி வீடுகள் பல இடிக்கப்பட்டு, எதிர்த்தோர் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. இந்நகரத்து வெளியேற்றங்கள் பழங்கதை மட்டும் அல்ல.

மட்டியா மகல் தெருவின் வழியே வடக்கு நோக்கி வந்து, ஜும்மா மசூதியின் கிழக்குப் படிகளில் அமர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. போஜ்லா என்னும் சிறு குன்றின்மீது 1650 முதல் 1656 வரை எழுந்த மசூதி இது. 1857-க்குப் பின் பறிக்கப்பட்டு, 1862-இல் நிபந்தனைகளோடு திரும்பத் தரப்பட்டது. படியில் அமர்ந்து கிழக்கே பார்த்தால் செங்கோட்டை தெரிகிறது. இடையிலுள்ள வெளி அந்த 448 கஜத்தை இன்றும் நினைவூட்டுகிறது.

1947-இல் இரண்டாம் முறையாக மக்கள் வெளியேறத் தொடங்கினர். இலட்சக்கணக்கான முஸ்லிம்கள் தில்லியை விட்டகன்றனர். மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் அதனினும் மிகுதியானோர் வந்து குவிந்தனர். தில்லிப் பகுதியின் மக்கள்தொகை 1941-இல் ஏறத்தாழ 9 இலட்சத்து 18 ஆயிரம். 1951-இல் 17 இலட்சத்து 44 ஆயிரம். 1947 அக்டோபரில் இம்மசூதியில் மௌலானா ஆசாத் எழுந்து நின்று, அஞ்சி ஓடாதீர்கள், இது உங்கள் நாடு என்னும் பொருள்பட மக்களிடம் மன்றாடினார். 1948 சனவரியில் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்து, மசூதிகள் திருப்பித் தரப்பட வேண்டும், முஸ்லிம்கள் அச்சமின்றி நடமாட வேண்டும் என்ற உறுதிமொழியைத் தலைவர்களிடம் பெற்றார். ஆசாத் பிறந்தது மக்காவில், வளர்ந்தது கல்கத்தாவில். 1958-இல் மறைந்த அவர், மசூதிக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட அந்நிலத்தில்தான் உறங்குகிறார்.

எது நம் ஊர்?

நடுவண் அரசுப் பணியில் இருப்போர் அனைவரும் எல்.டி.சி. சலுகைக்காகத் தம் 'சொந்த ஊர்' இன்னதென்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பணிப்பதிவேட்டில் ஏறிய அவ்வூரைப் பணிக்காலம் முழுவதற்கும் ஒரு முறைதான் மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. நம் பதிவேட்டில் உள்ளது காவிரிக்கரையிலுள்ள ஒரு சிற்றூர். ஆனால் இங்கேயே பிறந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், "எங்கள் சொந்த ஊர் எது? பள்ளியில் மதராஸி என்கிறார்கள், ஊருக்குப் போனால் தில்லிக்காரர்கள் என்கிறார்களே" என்று வினவும்போது விதிப்புத்தகத்தில் விடை இல்லை. இது நம் சங்கத்துக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் எழும் வினா என்பதில் ஐயமில்லை.

அவ்வினாவுக்கு இப்பழநகர் ஒரு விடை வைத்திருக்கிறது. லாகூரார் வகுத்து, பாரசீகர் நீர் கொணர்ந்து, ஆக்ராக்காரர் பாடி, காஷ்மீரத்தாரும் மராட்டியரும் முல்தானியரும் வந்தமர்ந்த ஊர் இது. தொடக்கம் முதல் இங்கேயே இருந்தோம் என்று உரிமை பேசத் தக்க தெரு எதையும் நாம் நடந்த வழியில் காணவில்லை. ஊரினர், வேற்றூரார் என்று பிரித்துப் பட்டியல் எழுதப்பட்ட போதெல்லாம் இந்நகர் பாழாயிற்று. வந்தவர்க்கு இடமளித்த போதெல்லாம் தழைத்தது. கோவலன் கண்ட மதுரையிலும் மதில்வாயிலைக் காத்து நின்றோர் யவனரே என்று அதே ஊர்காண் காதை கூறுவதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

இதனால் காவிரிக்கரையை மறக்க வேண்டும் என்பதன்று. காலிப் ஆக்ராவை மறந்தவரல்லர். முல்தானியரின் மகன் தகரப்பெட்டியை மறந்தவரல்லர். தாய்மொழியைக் காப்பதும் வாழும் ஊரை அறிவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அறியாத ஊரில் எத்தனை ஆண்டு இருந்தாலும் விருந்தினரே. அதன் தெருக்களின் துயரத்தையும் பெருமையையும் தம்முடையவையாக உணர்ந்தவர் அவ்வூர்க் குடிமக்கள். அவர்க்கு எவருடைய அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை.

எனவே அன்பர்கள் தம் பிள்ளைகளை ஒரு குளிர்காலச் சனிக்கிழமையில் சாந்தினி சௌக்குக்கு அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம். திங்கட்கிழமைகளில் கோட்டை மூடியிருக்கும். ஞாயிறன்று கடைகள் பல திறப்பதில்லை. நல்ல செருப்பும் குடிநீரும் போதும். சுனேரி மசூதியின் கீழே ஒரு நிமிடம் நின்று, மேலே பார்க்கச் சொல்லுங்கள். அங்கே நிகழ்ந்ததைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள்.